மதம்: ஓர் எழுத்துருவில் இரண்டு சொற்கள்

கோத்தகிரியில் எங்கள் வாசகர் கூட்டம் சென்ற மாதம் விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வி, கரும்பலகையில் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: ‘மனிதனுக்கு மதம் வேண்டுமா, பகுத்தறிவு போதுமா?’ இரண்டு மணி நேரம் பேசினோம். மதம் என்றபோது ஒருவர் கோயிலை நினைத்தார். இன்னொருவர் கலவரத்தை நினைத்தார். மூன்றாமவர் ஆண்டுதோறும் வெள்ளைச் சேலை உடுத்திப் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நடந்துபோன தம் பாட்டியை நினைத்தார். ஒரே சொல்லை மூவரும் மூன்று பொருளில் ஆண்டுகொண்டு, ஒருவர் மற்றவருக்கு விடை சொல்வதாக எண்ணிக்கொண்டிருந்தோம். சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகே எழுந்தது.

தமிழில் மதம் என்று நாம் எழுதுவது ஒரு சொல் அன்று, இரண்டு. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. வேர் வேறு, பொருளும் வேறு. ஒன்று, ‘எண்ணுதல்’ எனப் பொருள்படும் ‘மன்’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. எண்ணித் துணிந்த கருத்து என்பதே அதன் முதற்பொருள். மற்றொன்று, ‘களித்தல், மயங்குதல்’ எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. யானைக்குப் பிடிக்கும் மதம் அதுவே, உன்மத்தம் என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வடமொழியில் இவற்றின் நடுவெழுத்து வேறு வேறாக இருக்கிறது. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘த’ நிற்பதால், இரண்டு சொற்களும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டன. கூடலூரில் கடை வைத்திருக்கும் மலையாளி நண்பர் ஒருவர், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இரண்டையும் தம் மொழியில் எழுதிக் காட்டினார். அங்கே இரண்டு எழுத்தும் தனித்தனியாக நின்றன. அவருக்கு இந்தக் குழப்பம் எழ வழியே இல்லை.

இரண்டாவது மதத்தை நான் நேரில் பார்த்தது தெப்பக்காடு யானைகள் முகாமில். தனியே சங்கிலியிட்டு நிறுத்தியிருந்த ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே சுரப்பி புடைத்திருந்தது. அதிலிருந்து கசிந்த நீர் கன்னத்தில் கருங்கோடாக இறங்கி வாயோரம் வரை வந்திருந்தது. பாகர் எட்ட நின்றே தழையை அதன் பக்கம் தள்ளிவிட்டார். “சின்ன வயசிலிருந்து நான் வளர்த்ததுங்க. இப்போ என்னையே அதுக்குத் தெரியாது” என்றார். இந்த நீருக்குப் பழந்தமிழில் ‘கடாம்’ என்ற சொல் உண்டு. மலையை யானையாக உருவகித்து, அதில் எழும் ஓசையைப் பாடிய சங்க நூலுக்கு ‘மலைபடுகடாம்’ என்பதே பெயர்.

முதல் மதத்துக்கு வருவோம். அந்த ‘மன்’ வேரிலிருந்து வந்த சொற்கள் நம் அன்றாடப் பேச்சிலேயே இருக்கின்றன. சம்மதம் என்பது ஒத்த கருத்து. அனுமதி என்பது இசைந்த கருத்து. பெண் பார்க்கப் போன இடத்தில் ‘எங்களுக்குச் சம்மதம்’ என்று சொல்பவர், மதம் என்ற சொல்லை அதன் பழைய, சரியான பொருளில்தான் ஆளுகிறார்.

இப்பொருளைத் தமிழில் மிகத் தெளிவாகக் காட்டுவது நன்னூல் என்னும் இலக்கண நூல். அதன் பாயிரம் நூலாசிரியருக்கு உரிய ‘எழுவகை மதம்’ எவை என்று கூறுகிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல், தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டுச் சொன்னவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறர் எவருடனும் சேராமல் தன் கருத்தையே கொள்ளுதல் ஆகியவை அந்த ஏழு. இவற்றில் எதுவும் வழிபாட்டைப் பற்றியதன்று. ஏழும் அறிவு தொழிற்படும் முறைகள். ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவே’ என்பதை நான் பலமுறை நின்று படித்திருக்கிறேன். மறுக்கப்போகும் கருத்தை முதலில் தன்னுடையதாக ஏற்று, அதன் வழியே கொஞ்ச தூரம் நடந்து பார்த்து, அதன் பிறகே விலக்க வேண்டும் என்ற இந்த ஒழுங்கு எங்கள் கூட்டத்தில் ஒருவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. இதை எழுதிய பவணந்தியார் ஒரு சமண முனிவர் என்பதையும் கருத வேண்டும்: சமயநெறியில் நின்ற ஒருவரே மதத்தை அறிவின் முறையாக எழுதியிருக்கிறார்.

மதத்துக்கு மாற்றாக நாம் ஆளும் சமயம் என்பதும் வடசொல்லே. உடன்பாடு, வழக்கு, உரிய காலம் என்ற பொருள்களை உடையது. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக்கணக்கர்களின், அதாவது தத்தம் சமயக் கொள்கையை எடுத்துரைப்போரின், திறம் கேட்கும் காதையில், வரிசையின் கடைசியில் நிற்பவன் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேரும்போது கள்ளின் களிப்புப் பிறப்பதைப்போல நிலம், நீர் முதலிய பூதங்கள் சேரும்போது உணர்வு பிறக்கிறது என்று சொல்லும் அவன், மறுபிறவியை ஏற்காதவன். அவனும் சமயக்கணக்கருள் ஒருவனாகவே எண்ணப்பட்டான். கண்ணால் கண்டதே சான்று என்று வாதிட்ட அவனிடம், தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வாறு அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். அவளும் காரணம் காட்டியே அவனை மறுக்கிறாள்.

பகுத்தறிவு முழுத் தமிழ்ச்சொல். பகு என்னும் அடிக்குப் பிரித்தல் என்று பொருள். பறித்த தேயிலையை எடை போடும் இடத்தில் விரிப்பின்மேல் கொட்டி, முற்றிய இலையைக் கையால் ஒதுக்கும் பெண்கள் செய்வது அந்தப் பகுத்தலையே. பெரியார் 1934இல் தம் இதழுக்கு இப்பெயரையே சூட்டினார். அதன்பின் இச்சொல் பெரும்பாலும் கடவுள் மறுப்பின் மறுபெயராகவே வழங்குகிறது. அம்மறுப்பு தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்குத் தலை நிமிரும் துணிவைத் தந்தது என்பதை நான் மனமாரச் சொல்வேன். ஆயினும் சொல்லின் பொருள் அதைவிட அகன்றது. திருக்குறளில் ‘மெய்ப்பொருள் காண்பது அறிவு’ என்ற முடிபு இரண்டு இடங்களில் வருகிறது: துறவு நெறி கூறும் மெய்யுணர்தலில் ஒருமுறை (355), ஆட்சி நெறி கூறும் அறிவுடைமையில் ஒருமுறை (423). துறவிக்கு ஓர் அறிவு, அரசனுக்கு வேறோர் அறிவு என்று வள்ளுவர் பிரிக்கவில்லை.

வழிபாடும் அறிவும் பகையல்ல என்பதற்கு நம் மலைகளைப் போன்ற குறிஞ்சி நிலத்திலிருந்தே இன்னுமோர் எடுத்துக்காட்டு உண்டு. நற்றிணையின் 34ஆம் பாட்டில், தலைவியின் மெலிவு காதலால் வந்ததென்று அறியாத வீட்டார் முருக பூசாரியான வேலனை அழைத்து, அவன் முருகன் அருள் ஏறி ஆடும் வெறியாட்டை எடுக்கிறார்கள். உண்மை அறிந்த தோழி முருகனையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறாள்: ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே.’ நீ கடவுளாகவே இரு. ஆனாலும் நீ அறியாமை உடையவன்தான் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் ‘வாழிய’ என்று வாழ்த்தவும் செய்கிறாள். வழிபாடும் ஆராய்ச்சியும் அவள் நாவில் ஒன்றையொன்று விரட்டவில்லை.

ஆகவே, தமிழில் எழுதுவோர் இடமறிந்து சொல்லைத் தேர வேண்டும் என்பது என் கருத்து. எண்ணித் துணிந்த கருத்தைக் குறிக்கும்போது கொள்கை அல்லது கோள் என்க. மாறுபட்ட கருத்துகளை ‘மாறுகோள்’ என்று நன்னூலின் அதே நூற்பா குறிக்கிறது. வாழும் வழியைக் குறிக்கும்போது நெறி என்க. மலையின் ஒற்றையடிப் பாதைக்கும் வாழ்க்கையின் ஒழுங்குக்கும் பழைய நூல்கள் அந்த ஒரு சொல்லையே ஆள்கின்றன. யானைக்குக் கடாம் இருக்கிறது. ‘மதவெறி’ என்று எழுதும்போது நாம் கண்டிப்பது முதல் மதத்தையா, அது இரண்டாவதாக மாறிவிட்ட நிலையையா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு எழுதலாம்.

கடவுளை வணங்காமலே நேர்மையாக வாழ்பவர்களை இந்த ஊரிலேயே எனக்குத் தெரியும். நெறி ஒன்றும் இல்லாமல் நன்றாக வாழ்ந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. எங்கள் கூட்டம் அடுத்த மாதமும் இதே பொருளைப் பேசப்போகிறது. இம்முறை கரும்பலகையில் எழுதும் பொறுப்பை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். எழுதப்போவது இது: ‘நெறிக்குக் கடவுள் வேண்டுமா?’