பாலத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள்

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் தீவு என்று யாரும் சொல்வதில்லை, திட்டு என்போம். புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு, கிள்ளை பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு, கொள்ளிடத்தில் திட்டுக்காட்டூர். மெயின் ரோட்டை ஒட்டி இடம் கிடைக்காமல் போக, "ஆத்து வியூ சார், கடல் காத்து சார்" என்று மனை வியாபாரம் இப்போது திட்டுகளுக்கும் வந்துவிட்டது.

லேஅவுட் வரைவது என் தொழில். திட்டில் மனை பார்க்கக் கூப்பிட்டால் நான் முதலில் மனைக்குப் போவதில்லை. பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கைப்பிடிச்சுவருக்கு மேல் எட்டிக் கீழே பார்ப்பேன். பக்கவாட்டில் கிளாம்ப் போட்டுத் தண்ணீர்க் குழாய் போகும். அதை ஒட்டிக் கரன்ட் கேபிள். குழாயைச் சுற்றிக்கொண்டு இன்டர்நெட் வயர். மேலே ரோடு. திட்டுக்குப் போகிற எல்லாமே அந்த ஒரு பாலத்தைப் பிடித்துத்தான் தொங்கும். திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணைக்குக் குறுக்கே 2024 செப்டம்பரில் திறந்த பாலத்தை, அதே டிசம்பர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதே ஆறுதான் கடலூருக்கும் வருகிறது.

மனை வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது, "தண்ணி வசதி இருக்கா, கரன்ட் இருக்கா?" என்று. இருக்கும். கேட்க வேண்டியது, எது நின்றால் எது நிற்கும் என்று. வெள்ளம் ஏறினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள், நிறுத்தித்தான் ஆக வேண்டும். கரன்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. கழிவுநீர் பம்பும் நிற்கும். மூன்றாம் நாள் செல்போன் டவரின் பேட்டரியும் போயிருக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அதற்குப் பிறகுதான் கடலூரில் கேபிளைப் பூமிக்குள் கொண்டுபோனார்கள். நல்ல வேலை. ஆனால் புதைத்த கேபிள் எங்காவது ஒரு பெட்டியில் வந்து முடிய வேண்டும். அந்தப் பெட்டியும் டிரான்ஸ்பார்மர் மேடையும் 2015, 2024 வெள்ளம் வந்த உயரத்துக்கு மேலே இருக்கின்றனவா? அங்கேயே குடியிருப்பவர்களைக் கேட்டால் சுவரில் தண்ணீர்த் தடத்தைக் காட்டுவார்கள். நான் டேப் பிடிப்பது அந்தத் தடத்திலிருந்துதான்.

தண்ணீருக்கு வருவோம். 200 வீடு, வீட்டுக்கு 4 பேர், நகரத்துக் கணக்கில் ஆளுக்கு 135 லிட்டர். நாளொன்றுக்கு 1,08,000 லிட்டர். குழாய் உடைந்தால் 12,000 லிட்டர் லாரி தினமும் 9 நடை வர வேண்டும். "வேணாம் சார், போர் போட்டுக்கலாம்" என்பார் புரோக்கர். திட்டுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருப்பது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. இழுத்து இழுத்து அந்த ஓர் அடியைக் காலி செய்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். 200 வீட்டுக்கும் 200 போர் போட்டால் மிச்சத்தைச் சொல்லவே வேண்டாம். குறைந்தது இரண்டு நாளைக்கான தண்ணீரைத் திட்டிலேயே சேர்த்துவைக்கும் தரைத்தொட்டிக்கு, மனை பிரிக்கும்போதே இடம் ஒதுக்கியாக வேண்டும். பிறகு ஒதுக்க இடம் இருக்காது.

நான் கோட்டை விட்ட இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு திட்டுக்கு (ஊர் பெயர் வேண்டாம்) லேஅவுட் போட்டேன். உள்ளே ரோடெல்லாம் அகலம், முனையில் லாரி திரும்ப வட்டம் எல்லாம் வரைந்தாயிற்று. வழியில் இருந்த பழைய பாலத்தின் தாங்குதிறனை மட்டும் கேட்கவில்லை. வேலை ஆரம்பித்ததும் 5 டன்னுக்கு மேல் கூடாது என்று பலகை நட்டார்கள். மூன்று யூனிட் ஜல்லி மட்டுமே 12, 13 டன் வரும், லாரி எடை தனி. அதை அக்கரையில் கொட்டி, டாட்டா ஏஸில் முக்கால் டன், முக்கால் டன்னாக அள்ளினோம். ஒரு லோடுக்குப் பதினேழு நடை! ஜல்லியோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வீடு கட்டிக் குடிவந்த பிறகு செப்டிக் டேங்க் லாரியும் அதே பாலத்தில்தான் வர வேண்டும், தீயணைப்பு வண்டியும் அதே பாலத்தில்தான். அங்கே ஓர் ஆயா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏன் தம்பி, வூட்டுக்குள்ள வண்டி திரும்ப எடம் வச்சியே, வூட்டுக்கு வண்டி வர்றதுக்கு எடம் வச்சியா?"

காயல் (கடலோர உப்பங்கழி) திட்டுகளில் உயர்அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 20 மீட்டர் கட்டாமல் விட வேண்டும் என்கிறது 2019-ன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. பட்டா இருக்கிறது என்பது அதற்குப் பதில் ஆகாது. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மழைநீர் வடிகாலைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மனை காட்ட சித்திரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப்போவார்கள். ஆறு கீழே கிடக்கும், வடிகால் குழாயின் வாய் காய்ந்திருக்கும். போன வருஷம் ஒரு தம்பதி வந்தார்கள். "கார்த்திகை அமாவாசையில கடல் தண்ணி ஆத்துல ஏறும், அந்த ஏற்றத்துக்கு வாங்க, அப்போ பார்க்கலாம்" என்றேன். வந்தார்கள். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. குழாய் வாயில் தண்ணீர் வெளியே போகவில்லை. ஆற்றிலிருந்து மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது, கூடவே நான்கைந்து மீன் குஞ்சும். அந்த அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கணவர் கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"டோக்கன் அட்வான்ஸைத் திருப்பிக் குடுப்பாங்களா சார்?"