ப்ளூஸில் ஜாஸ்: முதலில் 2 விரல்

பெரம்பூரில் ஒரு மாடியறையில் கிடார் சொல்லிக்கொடுக்கிறேன். ப்ளூஸ் ஓரளவு பழகியவர்கள் "ஜாஸ் கார்டு கத்துக்கணும் சார்" என்று வந்தால் (கார்டு என்றால் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது), முதலில் இடது கையைத்தான் பார்ப்பேன்.

வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு தம்பியின் போனில் 40 கார்டு படங்கள் இருந்தன. தேர்ட்டீன்த், ஆல்டர்ட் என்று எல்லாம் பெரிய பெயர்கள். ஏ-யில் 12 பார் வாசிக்கச் சொன்னேன். ஏ, டி, ஈ என்ற மூன்று கார்டுகளில் 12 தாள அளவுகள் ஓடும் ப்ளூஸ் சுற்று அது. விரலைத் தேடுவதற்குள் தாளம் போய்விட்டது. கட்டைவிரல் அடியில் வலி வேறு. வலி வந்தால் அன்றைக்குக் கிடாரைக் கீழே வைத்துவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பது சாதகம் இல்லை.

போனை மூடச் சொன்னேன். 4ஆம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட் (வீணையின் மெட்டு போன்றது), 3ஆம் கம்பியில் 6ஆம் ஃப்ரெட். வேறு கம்பி வேண்டாம். கிடைப்பது ஜி-யும் சி ஷார்ப்பும். ஏ செவன்த் கார்டின் உயிரே இந்த இரண்டில்தான். ஏ-யை ஸா என்று வைத்தால் கைசிகி நிஷாதம், அந்தர காந்தாரம். ஹரிகாம்போஜி பாடியவர்களுக்குப் பழகிய இடம். ஸாவை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார்.

அதே பிடியை நட் (கழுத்தின் தலைப்பக்க முனை) பக்கம் ஒரு ஃப்ரெட் தள்ளினால் டி செவன்த். ஏ-யிலிருந்து பாடி பக்கம் ஒரு ஃப்ரெட் தள்ளினால் ஈ செவன்த். சரி, 12 பாரும் இதிலேயே முடிந்தது. "இவ்ளோதானா சார்?" என்றார் தம்பி, கொஞ்சம் ஏமாந்த குரலில்.

சோலோவுக்கும் இதுதான் வழி. ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேலில், டி செவன்த் பிடியில் வரும் எஃப் ஷார்ப் கிடையாது. 5ஆவது பாரில் டி செவன்த் வரும்போது சரியாக அந்த ஸ்வரத்தில் வந்து இறங்குங்கள். பின்னால் யாரும் கார்டு வாசிக்காவிட்டாலும் கார்டு மாறியது காதுக்குத் தெரியும். புது ஸ்கேல் பத்து படித்தாலும் இந்த ஒரு இறக்கம் தராததை அவை தராது என்பது என் கட்சி. (பெரிய கார்டே கூடாது என்று சொல்லவில்லை. 1940களிலேயே அமெரிக்க ப்ளூஸ் கிடார் கலைஞர் டி-போன் வாக்கர் ப்ளூஸில் நைன்த் கார்டு வாசித்தவர்.)

அடுத்த வகுப்பில் 2ஆம் கம்பியையும் சேர்த்தோம். 5ஆவது பாரில் டி செவன்த் பிடியோடு அதில் 3ஆம் ஃப்ரெட். 6ஆவது பாரில் மற்ற இரண்டு விரலும் அசையாமல், ஆள்காட்டி விரல் மட்டும் 4ஆம் ஃப்ரெட்டுக்கு. 7ஆவது பாரில் ஏ செவன்த்துக்குத் திரும்பும்போது 5ஆம் ஃப்ரெட். டி, டி ஷார்ப், ஈ என்று ஒரே கம்பியில் ஏறுகிறது. தம்பி நாலைந்து முறை வாசித்துவிட்டு, "நடுவுல வர்றது என்ன கார்டு சார்?" என்றார். அவர் போனில் 17ஆவது படமாக இருந்த டிமினிஷ்ட் செவன்த்தான்.