பாதுகாப்புப் பண்பாடு

மருத்துவமனைக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற சொல் 'சேஃப்டி கல்ச்சர்'. கையுறை, விதிமுறை, சுவரில் ஒட்டிய எச்சரிக்கை எல்லாம் இதில் அடக்கம்தான். ஆனால் மேலதிகாரி பார்க்காத நேரத்தில் வார்டில் வேலை எப்படி நடக்கிறது, தவறு நேர்ந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்பதையே இச்சொல் முக்கியமாகக் குறிக்கிறது.

இது பிறந்தது அணு உலைத் துறையில். 1986-இல் செர்னோபில் விபத்தை ஆராய்ந்த சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு தன் அறிக்கையில் இதைப் பயன்படுத்தியது. 1991-இல் இதற்கென்றே தனி அறிக்கை எழுதி வரையறையும் கொடுத்தது. மருத்துவப் பிழைகளைப் பற்றி அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 1999-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு மருத்துவமனைகளிலும் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது.

'கல்ச்சர்' என்பதன் லத்தீன் வேர் உழவைக் குறிப்பது. தமிழிலும் நிலத்தைப் 'பண்படுத்துவது' என்கிறோம். அதனால் 'பாதுகாப்புக் கலாச்சாரம்' என்பதைவிடப் 'பாதுகாப்புப் பண்பாடு' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. யாரோ உழுதால்தான் நிலம் பண்படும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வார்டில் அந்த வேலை தலைமையில் இருப்பவருடையது.

இரவுப் பணியில் ஒரு செவிலியர் நோயாளிக்குப் போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடும்போது விரலில் குத்திவிடுகிறது. கையுறைக்குள் ஒரு பொட்டு ரத்தம். பொறுப்புச் செவிலியரிடம் ஓடுகிறார். "கவனம் எங்கே இருந்துச்சு?" என்று கேட்டால், அடுத்த முறை யாருக்குக் குத்தினாலும் வெளியே வராது. "சோப்புப் போட்டுக் கழுவிட்டியா? பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துட்டு வா, வார்டை நான் பார்த்துக்கிறேன்" என்றால் வரும். இதில் நேரம் பெரிய விஷயம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பயந்து மறைத்தால் அந்த நேரம் போய்விடும். அப்புறம், பயன்படுத்திய ஊசிகளைப் போடுகிற பெட்டி கட்டில் அருகே ஏன் இல்லை, முக்கால் பங்கு நிறைந்ததும் ஏன் மாற்றவில்லை என்று விசாரிப்பதும் அந்தப் பொறுப்பாளரின் வேலை.

1990-களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தபோது, நல்ல தலைமை இருந்த குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவரே திகைத்தார். அங்கே இருந்தவர்கள் பிழையை ஒளிக்கத் தேவையில்லாமல் இருந்தார்கள் என்பது பிறகு புரிந்தது.

பாதுகாப்புக்குத் தமிழில் 'ஏமம்' என்றொரு பழைய சொல் உண்டு. "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்" என்கிறது குறள் 448. ஏமரா என்றால் காவலற்ற. தவறை முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லாத தலைவனைத்தான் வள்ளுவர் அப்படிச் சொல்கிறார். 'ஏமப் பண்பாடு' என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வார்டில் இருப்பவருக்குச் சட்டென்று புரிய வேண்டும். 'பாதுகாப்புப் பண்பாடு' என்றே எழுதுவோம்.