வலிக்கும் ஒரு பிரேக் உண்டு

பல்வலியில் துடித்துக்கொண்டு நடக்கிறீர்கள். கால் சுண்டுவிரல் கட்டிலில் ‘ணங்’கென்று இடிக்கிறது. அடுத்த சில நொடிகளுக்குப் பல்லின் நினைப்பே இருக்காது. கவனம் மாறியது மட்டும் காரணமல்ல. ஒரு வலி வந்ததும் மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் நரம்புகள், மற்ற வலிச் செய்திகளைத் தண்டுவடத்திலேயே அமுக்கிவிடுகின்றன. எலிகளின் உடம்பில் இது நடப்பதை 1979இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மனிதர்களுக்கும் இந்த பிரேக் உண்டு.

சித்திரவதைக்கு ஆளானவர்களிடம் அது என்ன ஆகிறது? டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ரூத் டெஃப்ரினும் ஸஹாவா ஸாலமனும் சோதித்துப் பார்த்தார்கள். 1973 அக்டோபரில் எகிப்துக்கும் சிரியாவுக்கும் எதிரான போரில் சண்டையிட்ட இஸ்ரேலிய வீரர்கள் 104 பேர். அதில் 60 பேர் சிறைபிடிக்கப்பட்டுச் சித்திரவதைப்பட்டவர்கள், 44 பேர் பிடிபடாதவர்கள். அந்தப் போரின் கைதிகளை எகிப்து நவம்பரிலேயே அனுப்பிவிட்டது. சிரியாவிடம் சிக்கியவர்கள் வீடு திரும்ப 1974 ஜூன் ஆனது.

சோதனை நடந்தது பல பத்தாண்டுகள் கழித்து. ஒரு கையில் சூடேற்றும் கருவி, மறு கை வெந்நீரில். சரி, வெந்நீரின் வலி, கருவியின் வலியை எவ்வளவு குறைக்கிறது? நைலான் இழையைத் திரும்பத் திரும்ப அழுத்தியும் பார்த்தார்கள். முன்னாள் கைதிகளிடம் ஒரு வலி இன்னொன்றை அடக்கும் திறன் குன்றியிருந்தது. நரம்புகளும் அளவுக்கு மீறிக் கிளர்ந்தன. பிரேக் தேய்ந்திருக்கிறது, ஆக்ஸிலரேட்டரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரே அளவுக் குத்தலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் தண்டுவடத்து நரம்பு செல்கள் ஒவ்வொரு முறையும் கூடுதலாகத் துடிக்கும். நம் எல்லோருக்கும் இது நடக்கும், சீக்கிரம் தணிந்தும்விடும். உள்ளங்காலில் பிரம்படி, கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிடுதல் என்று வாரக்கணக்கில் வலியைக் கொட்டினால் தணிய நேரம் ஏது? காயம் ஆறிய பிறகும் செல்கள் உஷார் நிலையிலேயே தங்கிவிடக்கூடும்.

விசித்திரம் என்னவென்றால், ஆபத்து நேரத்தில் இதே பிரேக்தான் கைகொடுக்கும். 1944இல் இத்தாலியின் ஆன்ஸியோ போர்முனையில் படுகாயமடைந்த வீரர்கள் பலர் வலி மருந்து வேண்டாம் என்றதை அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் பதிவு செய்திருக்கிறார். சிறை அப்படியல்ல. அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாது, தப்பியோடவும் வழியில்லை. பயத்தைக் கையாளும் மூளைப் பகுதிகளும் இந்த பிரேக்கோடு இணைந்தவை. ஆகவே பிரேக்கைத் தேய்த்தது உடம்பில் பட்ட அடியா, மனதில் பட்ட அடியா என்று பிரித்துக் கேட்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. போருக்கு முன் இவர்களின் வலி எப்படி இருந்தது என்ற அளவு ஒப்பிடக் கையில் இல்லை. ஆனால் ஒப்பிடப்பட்டவர்களும் அதே போரைப் பார்த்தவர்கள் என்பதால், போர்க்களத்தின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

“ஸ்கேனில் ஒன்றுமில்லையே” என்று மருத்துவர் சொல்லும்போது, ஸ்கேன் தேடுவது எலும்பையும் தசையையும்தான். பிரேக்கின் பலத்தை அது காட்டாது. இந்த நரம்புப் பாதை செரோட்டோனின், நோர்-எபிநெப்ரின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் இரண்டு வேதிப்பொருட்களைக் கொண்டு இயங்குகிறது. இரண்டையும் கூட்டும் டுலாக்செட்டின் மாத்திரையை, சர்க்கரை நோயால் நரம்புவலி வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பிரேக் பலவீனமாக இருந்தவர்களுக்கே அதிகம் பலித்தது. சித்திரவதையில் தேய்ந்த பிரேக்குக்கும் அது உதவுமா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.