ஸ்டைலஸ் = எழுத்தாணி

டேப்லெட் திரையில் எழுதும் கோலை ஆங்கிலத்தில் 'ஸ்டைலஸ்' என்கிறார்கள். லத்தீனில் 'ஸ்டிலுஸ்' என்றால் கூர்முனைக் கழி. மெழுகு பூசிய பலகையில் ரோமானியர் கீறி எழுதிய கருவிக்கும் அதே பெயர். மறுமுனை தட்டையாக இருக்கும். பிழையை அதனால் தேய்த்து அழிப்பார்கள். தூணைக் குறிக்கும் 'ஸ்டூலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு குழப்பிக்கொண்டதில் எழுத்துக்கூட்டல் மாறி, ஆங்கிலத்தில் ஸ்டைலஸ் ஆனது. தலைமுடிக்கும் சட்டைக்கும் நாம் சொல்லும் 'ஸ்டைல்' கூட இந்தக் கழியில் முளைத்ததுதான்.

தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. எழுத்து + ஆணி = எழுத்தாணி. 'தொடுபேனா' என்றும் எழுதுகிறார்கள். பேனா என்றால் மை வேண்டுமே! ஓலையில் எழுத்தாணி வெறும் பள்ளம்தான் கீறும், கரியும் எண்ணெயும் பிறகு தடவுவார்கள். திரையிலும் முனை இடத்தை மட்டும் காட்டுகிறது. நிறம் செயலியின் வேலை.

ஓலைக் காலத்திலேயே வகைப்பெயர்கள் இருந்தன: கொண்டை கனத்த குண்டெழுத்தாணி, ஓலையை வார்ந்து சீராக்கத் தட்டைத் தலை கொண்ட வாரெழுத்தாணி, உறைக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி. டேப்லெட்டுக்கும் வகை தெரிந்துதான் வாங்க வேண்டும்.

ரப்பர் முனை கொண்டதை வெற்றெழுத்தாணி எனலாம். விரலைப் போலவே திரையின் மின்புலத்தை மாற்றுவதால், விரலுக்கு இசையும் திரைகளிலெல்லாம் எழுதும். ஆனால் திரை உணரும் அளவுக்கு முனை தடித்திருக்க வேண்டும் என்பதால் 'ணை' எழுதினால் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையை ஊன்றினால் அதுவும் கோடாகிவிடும்.

முனை மெல்லியதாக வேண்டுமானால், உள்ளே மின்சுற்று கொண்ட மின்னெழுத்தாணி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஒரு டேப்லெட்டுக்கானது இன்னொன்றில் எழுதாமல் போகலாம். ஆப்பிள் பென்சில் ஐபேடுக்கு மட்டுமே. அதிலும் எல்லாப் பென்சிலும் எல்லா ஐபேடோடும் சேராது. 2023-இல் வந்த யுஎஸ்பி-சி பென்சிலில் அழுத்த உணர்வு இல்லை. குறிப்பெடுக்கப் போதும், அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடித்து மெலிய வேண்டுமென்றால் உதவாது. சாம்சங்கின் எஸ் பென் திரையிலிருந்து வரும் மின்காந்த அலையில் இயங்குவதால், எழுதுவதற்கு பேட்டரியே தேவையில்லை. பெட்டியில் '4096 அழுத்த நிலைகள்' என்று போட்டிருப்பதைப் பார்ப்பதற்கு முன் உங்கள் டேப்லெட்டின் மாதிரி எண் இணக்கப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆப்பிள் பென்சிலில் கோடு விட்டுவிட்டு விழுந்தால் முதலில் முனையைத் திருகி இறுக்குங்கள். பாதிச் சிக்கல் அங்கேதான். திரைமேல் ஒட்டும் காகிதம் போலச் சொரசொரப்பான படலம் எழுதச் சுகமானது, ஆனால் முனையைச் சீக்கிரம் தேய்த்துவிடும். மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் கிடந்த மின்னெழுத்தாணியின் பேட்டரி மீளாமலே போகலாம்.