சாம்ப்ளர் மறு ஆக்கம்: தேநீர்க் கறையும் தைக்கப்படாத பெயரும்

சாம்ப்ளர் என்பது தையல் வகைகளையும் எழுத்துகளையும் தைத்துப் பழகிய பூத்தையல் துணி. பழைய சாம்ப்ளர்களைப் பார்த்து, ஆளி நாரில் நெய்த லினன் துணியில் அதேபோல் தைக்கிறவர்களில் பலர், வேலை முடிந்ததும் துணிக்குப் பழமைத் தோற்றம் வர வேண்டும் என்பதற்காக அதைத் தேநீரிலோ காபியிலோ நனைத்து எடுக்கிறார்கள். மாதக்கணக்கில் இழை எண்ணித் தைத்த துணிக்கு இதைவிடப் பெரிய கேடு வேண்டியதில்லை. பழந்துணிகளைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். இந்தப் பழக்கத்தின் விளைவுகள் என் மேசைக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிரிட்டனில் தேதியிடப்பட்டுக் கிடைத்திருக்கும் சாம்ப்ளர்களில் மிகப் பழையது, ஜேன் பொஸ்டாக் 1598இல் தைத்தது. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் தைக்கப்பட்டவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படும் லோரா ஸ்டாண்டிஷின் சாம்ப்ளர், மாசசூசெட்ஸின் பிளிமத் நகரில் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தையல் வகைகளையும் கரை வேலைப்பாடுகளையும் மறந்துவிடாமல் குறித்துவைக்கும் துணியாகத் தொடங்கிய சாம்ப்ளர், பின்னர் சிறுமிகள் எழுத்துகளையும் எண்களையும் தைத்துப் பழகும் பயிற்சித் துணியாயிற்று. வீட்டின் விரிப்புகளிலும் துவாலைகளிலும் அடையாள எழுத்துத் தைக்க அந்தப் பயிற்சி அவர்களுக்குத் தேவைப்பட்டது.

மறு ஆக்கம் செய்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த நிறத்தைப் பின்பற்றப் போகிறோம் என்பதை. பழைய சாம்ப்ளரின் முன்பக்கம் இன்று காட்டும் நிறம் அதைத் தைத்த சிறுமி பார்த்த நிறம் அன்று. பச்சை நூலுக்கு அன்று நீலச் சாயம் தனியாகவும் மஞ்சள் சாயம் தனியாகவும் ஏற்றினார்கள். செடியிலிருந்து எடுத்த அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறிவிட, அவுரியின் நீலம் மட்டும் நின்றுவிடுகிறது. பழைய சாம்ப்ளர்களில் மர இலைகள் நீலமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. சட்டத்தைக் கழற்றித் துணியைத் திருப்பிப் பார்த்தால், வெளிச்சம் படாத பின்பக்கத்தில் அதே இலை பளிச்சென்ற பச்சையில் இருக்கும். பின்பக்கத்தையும் பார்த்து நிறம் தேர்ந்த சார்ட் (கட்டங்களில் வரைந்த தையல் மாதிரிப் படம்) கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பது என் பரிந்துரை. வெளிறிய நிறத்தில் தைப்பதும் தவறில்லை. எதைப் பின்பற்றுகிறோம் என்று தெரிந்து தைத்தால் போதும்.

துணி விஷயத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய லினனில் பாவும் (நீள இழை) ஊடும் (குறுக்கிழை) ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. அதனால் மூலத்தில் பறவைகள் சற்றுக் குட்டையாகவோ நெடிதாகவோ தெரியும். இன்று நாம் வாங்கும் சம நெசவு லினனில் அங்குலத்துக்கு 36 இழை என்றால் இரு திசையிலும் 36தான். இரண்டு இழைக்கு ஒரு குறுக்குத் தையல் வீதம் போட்டால் அங்குலத்துக்கு 18 தையல் வரும், வடிவங்களும் சீராகிவிடும். பல பழைய சாம்ப்ளர்களின் எழுத்து வரிசையில் ஆங்கிலத்தின் ஜே, யூ ஆகிய எழுத்துகள் இருக்காது. விட்டுப்போயிற்று என்று எண்ணி அவற்றைச் சேர்க்காதீர்கள். அந்தக் காலத்து வழக்கம் அது.

இனித் தேநீருக்கு வருகிறேன். தேநீரின் பழுப்புக்குக் காரணம் அதிலுள்ள டானின். துணியில் ஏறிய டானினை முழுவதும் அலசி வெளியேற்ற முடியாது. அது அமிலத்தன்மை உடையதாதலால் லினன் இழையின் செல்லுலோஸைச் சிறுகச் சிறுக அரிக்கிறது. நனைத்த அன்று அழகான தந்த நிறத்தில் இருக்கும் துணி ஆண்டுகள் செல்லச் செல்லத் திட்டுத் திட்டாகக் கறுக்கும். காயும்போது ஈரம் ஒதுங்கிய ஓரங்களில் பழுப்பு வரம்பு கட்டிக்கொள்ளும். குழாய் நீரிலோ, துருவேறிய குண்டூசியிலோ, துணியில் குத்திவைத்து மறந்த ஊசியிலோ இரும்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை உண்டாகிறது. அந்தக் காலத்துச் சாயக்காரர்கள் கறுப்பையும் அடர்பழுப்பையும் உண்டாக்கியதே இந்தச் சேர்க்கையால்தான். அப்படிச் சாயமேற்றிய பட்டு நூல் மற்ற நிறங்களுக்கு முன்பே பொடிந்து உதிர்கிறது. பழைய சாம்ப்ளர்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது, சுற்றிலும் உள்ள சிவப்பும் நீலமும் அப்படியே இருக்க, ஒரு மானின் கண்ணோ வீட்டின் சாளரமோ இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிவதுண்டு. உதிர்ந்தது பழுப்பு நூல். தேநீரில் தோய்க்கிறவர், அந்தச் சேர்க்கையில் பாதியைத் தம் கையாலேயே துணியில் ஏற்றிவைக்கிறார்.

பழமைச் சாயல் வேண்டுமானால் வெளுக்காத லினனையோ, ஆலையில் பழுப்புச் சாயம் ஏற்றிய லினனையோ வாங்கித் தையுங்கள். கைச்சாயமிட்ட துணியோ நூலோ என்றால், தைக்கத் தொடங்குமுன் ஒரு துண்டை ஈரமான வெள்ளைப் பருத்தித் துணிக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்த வேலையைப் பிறகு துவைக்கவே முடியாது. சிவப்பு நூலில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பெயர் விஷயத்தை இதைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன். மறு ஆக்கத்தில் மூலத்துச் சிறுமியின் பெயர், வயது, ஆண்டு எல்லாவற்றையும் அப்படியே தைக்கிறார்கள். தம் பெயரைத் தைப்பதில்லை. ஒருமுறை ஒரு குடும்பத்தார், 18ஆம் நூற்றாண்டு முன்னோர் ஒருவர் தைத்தது என்று நம்பி ஒரு சாம்ப்ளரை என்னிடம் கொண்டுவந்தார்கள். புற ஊதா விளக்கின் கீழ் வைத்ததும் நூல் நீல வெண்மையாக ஒளிர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த ஒளிர் வெளுப்பூட்டிகளின் அடையாளம் அது. பின்பக்க நிறமும் முன்பக்க நிறமும் ஒன்றாகவே இருந்தன. அந்த வீட்டிலேயே யாரோ பொறுமையாக உட்கார்ந்து தைத்த அருமையான வேலை அது. தைத்தவர் யார் என்று சொல்லத்தான் இப்போது ஆளில்லை. வெளுக்காத லினனில், இயற்கைச் சாயமிட்ட பட்டு நூலால், தேர்ந்த கை தைத்திருந்தால் இவ்வளவு எளிதில் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதில் பணமும் இருக்கிறது. நியூஜெர்சியைச் சேர்ந்த மேரி ஆன்ட்ரிம் 1807இல் தைத்த சாம்ப்ளர், 2012இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் 10 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அப்படிப்பட்ட சந்தையில் பெயரில்லாத, தேநீரில் தோய்த்த ஒரு மறு ஆக்கம் கைமாறிப் போனால், தைத்தவர் மனத்தில் ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாவிட்டாலும், அது ஒருநாள் யாரையோ ஏமாற்றும்.

தம் பெயரையும் சேர்த்துத் தைத்தால் அந்தக் கூடுதல் எழுத்துகள் அமைப்பைக் கெடுத்துவிடும் என்பார்கள் சிலர். ஜேன் பொஸ்டாக் தன் பெயரையும் ஆண்டையும் தைத்துவைத்ததால்தான் அவரைப் பற்றி இன்று பேச முடிகிறது. எலிசபெத் பார்க்கர் என்ற பணிப்பெண், 1830ஐ ஒட்டி, தான் வேலை செய்த வீட்டில் பட்ட கொடுமையையும் உயிரை விடத் துணிந்த மனநிலையையும் சிவப்பு நூலில் வரி வரியாகத் தைத்து, கடைசி வாக்கியத்தை முடிக்காமலே விட்டிருக்கிறார். அந்த வரிகளை எடுத்துத் தைக்கும்போது நாம் இன்னொருத்தியின் வாக்குமூலத்தைப் படியெடுக்கிறோம்; படியெடுத்தது யார், எப்போது என்பதை அதிலேயே குறிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். கரைக்குள் ஓர் இழைக்கு ஒரு தையல் வீதம் சிறியதாகத் தைத்தால் தலைப்பெழுத்துகளும் ஆண்டும் அரை அங்குலத்தில் அடங்கிவிடும். சட்டத்தின் பின்னால் எழுதிவைத்தால் போதாது. சட்டம் மாறும்போது அந்தக் குறிப்பும் போய்விடும்.

சட்டமிடுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கை எண்ணெய் நாளடைவில் மஞ்சளாகும். எனவே சாயம் இறங்காது என்று உறுதியானால் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் அலசி, கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். பசை தடவிய அட்டையில் ஒட்டாதீர்கள். அமிலமற்ற அட்டையின் மேல் விரித்து, பின்பக்கம் பருத்தி நூலால் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். வெறும் மரப்பலகை துணியில் படக் கூடாது. கண்ணாடி துணியைத் தொடாதபடி நடுவில் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் அனுமதிக்கின்றன. வீட்டில் அவ்வளவு மங்கலாக வைக்க முடியாது. குறைந்தபட்சம் சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிருங்கள். எந்தச் சார்ட், எந்த லினன், எந்த நூல், என்ன நிற எண்கள் என்பதை அமிலமற்ற தாளில் பென்சிலால் எழுதி, மிச்ச நூலில் சிறு துண்டுகளைச் சேர்த்து ஓர் உறையில் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் பழுதுபார்க்க வேண்டி வந்தால், வெளிறாத நிறம் அந்த உறையில் கிடைக்கும்.