மறு சாம்பிள் கேட்கும் தைரியம்

எங்கள் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்துக்கு இதுவரை வந்த ராஜினாமாக் கடிதங்களை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் காரணம், 'குடும்பச் சூழல்'. பல வருடம் நானும் அதை அப்படியே நம்பினேன். எங்களிடம் டெக்னீஷியன்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். கல்யாணம், வெளியூர் மாமியார் வீடு, கைக்குழந்தை என்றால் யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு கடிதம் மட்டும் மனதில் தைத்தது. அதை எழுதிய பெண் போவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு சாயங்காலம் நடந்தது இது. கலெக்ஷன் சென்டரிலிருந்து வந்த ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 8.9, கால்சியம் 4.8 என்று மெஷின் காட்டியது. நிஜமாகவே பொட்டாசியம் அந்த அளவு ஏறியிருந்தால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். அந்த நோயாளியோ பஸ்ஸில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, பஸ்ஸிலேயே திரும்பிப் போயிருக்கிறார். அந்தப் பெண் ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டாள். ஊதா மூடி டியூப்பில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை ஏற்றிக் காட்டும். சிவப்பு மூடி டியூப்பில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். மெஷினுக்கு அது தெரியாது. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்த அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

கலெக்ஷன் சென்டர் பொறுப்பாளர் ஃபோனில் கத்தினார். அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். "பேஷன்ட் வெயிட் பண்றாங்கல்லம்மா, ஒரு நோட் போட்டு அனுப்பி விட்டுரு" என்றேன். "இல்ல மேடம், மறு சாம்பிள் வேணும்" என்றாள். பிடிவாதமாக நின்று வாங்கினாள். பொட்டாசியம் 4.3, இயல்பான அளவு.

மூன்று வருடம் கழித்து, குவைத்திலிருந்து லீவில் வந்தவள் ஸ்வீட் பாக்ஸோடு ஆய்வகத்துக்கு வந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: "அன்னைக்கு அவர் திட்டினதுகூட வலிக்கல மேடம். நீங்க அனுப்பிருன்னு சொன்னீங்க பாத்தீங்களா..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். அன்றைக்குத்தான் அந்த ஃபைலை எடுத்து முதலிலிருந்து படித்தேன்.

அவர்கள் போனதற்குச் சம்பளம் காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு வருட டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமா) முடித்துவிட்டு வருகிறவருக்கு எங்கள் ஊர்ப்பக்கம் சிறிய ஆய்வகங்கள் தரும் தொகை, ஜவுளிக்கடை சேல்ஸ் வேலைக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாக அதிகமில்லை. அதைச் சரிசெய்யாமல் 'ஆள் கிடைக்கவில்லை' என்று புலம்ப ஆய்வகம் நடத்தும் நமக்கு அருகதை கிடையாது. அப்படியே சரிசெய்தாலும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. மூலம் அரசு வேலை கிடைத்தவரை நிறுத்தி வைக்க முடியாது, நிறுத்தவும் கூடாது. வளைகுடாவுக்குப் போகிறவர் விஷயமும் அதேதான். போகிறவர் காட்டிய அனுபவம் உண்மையா என்று கேட்டு, அவர் வேலை பார்த்த இடத்துக்கு டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சரிபார்ப்பு மின்னஞ்சல் வரும். பல இடங்களில் வாரக்கணக்கில் அதற்குப் பதிலே போடுவதில்லை. நான் அன்றைக்கே போட்டுவிடுகிறேன். அப்படிப் போனவர்கள்தான் தங்கள் ஜூனியர்களை 'அங்கே போய்ச் சேரு' என்று என்னிடம் அனுப்புகிறார்கள். பேப்பரில் விளம்பரம் கொடுத்து வந்தவர்களைவிட இப்படி வந்தவர்கள் தேவலை.

ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் நானும் செய்தேன், ஒளிப்பானேன்? ஓடிப்போக நினைப்பவரின் கையைக் கட்டலாம். அந்தக் கையை வைத்துக்கொண்டு நல்ல ஸ்லைடு போட முடியாது.

ஸ்லைடு என்றதும் நினைவு வருகிறது. இன்டர்வியூவில் நான் இப்போது கேள்விகள் குறைவாகத்தான் கேட்கிறேன். ஒரு சொட்டு ரத்தத்தையும் இரண்டு கண்ணாடி ஸ்லைடையும் கொடுத்துவிடுவேன். தள்ளும் ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடித்து, தயங்காமல் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். தயங்கினால் வரி வரியாக விழும். கடைசியில் இறகு மாதிரி மெலிந்து முடிந்தால் நல்ல ஸ்மியர், அதாவது நல்ல ரத்தப் படலம். ஆனால் நான் கவனிப்பது அதற்கு அடுத்த நிமிடத்தை. சுமாராக வந்த ஸ்லைடை நீட்டிவிட்டு "போதுமா மேடம்?" என்கிறவர் உண்டு. "இது சரியில்ல, இன்னொண்ணு போட்டுக்கவா?" என்கிறவரும் உண்டு. இரண்டாமவர் எங்கே படித்தார் என்பதெல்லாம் அப்புறம்தான்.

அப்படி எடுத்த ஒரு பையன், ஒரு டெங்கு சீசனில் எங்களைக் காப்பாற்றினான். ரத்த அணுக்களை எண்ணும் மெஷினில் பிளேட்லெட் 38,000. வெளியே குடும்பமே அழுதுகொண்டு, மதுரைக்குக் கொண்டுபோக வண்டி பேசிக்கொண்டிருந்தது. இவன் ஸ்மியரின் வால் பக்கத்தைப் பார்த்தான். பிளேட்லெட்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. சிலருடைய ரத்தத்தில் இ.டி.டி.ஏ. பட்டாலே அப்படி ஒட்டிக்கொள்ளும், மெஷின் கொத்தை எண்ணாமல் விட்டுவிடும். நீல மூடி சிட்ரேட் டியூப்பில் மறுபடி எடுத்தான். 1,75,000. அந்த டியூப்பில் இருக்கும் திரவத்துக்காக 1.1-ஆல் பெருக்கினால் 1,92,500. வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று மாலை அவன் கேட்டது சம்பள உயர்வு இல்லை. "எலும்பு மஜ்ஜை ஸ்லைடு பாக்கும்போது என்னையும் கூப்பிடுறீங்களா மேடம்?" என்றான். எங்களிடம் இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப் இருந்தது. எதிர்த் தலையில் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. இப்போது வாரத்தில் இரண்டு மத்தியானம், அரை மணி நேரம், யாராவது ஒருவர் உட்காருகிறார்.

மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 15189-இன் 2022 பதிப்பு, பணியாளரின் திறன், அவருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம், தொடர்கல்வி என்று தனித்தனியாகவே கேட்கிறது. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். ஆய்வுக்கு முந்தின வாரம் மூன்றுக்கும் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவதில் நாமெல்லாம் கில்லாடிகள். நடுவில் இருக்கிற அந்த 'அதிகாரம்' மட்டும் படிவத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. தமிழகத்தில் இரவு ஷிஃப்டில் தனியாக இருக்கும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு, சீனியர் சர்ஜன் அனுப்பிய சாம்பிளை 'செல்லாது' என்று சொல்ல நிஜமாகவே முடியுமா? ஆய்வகத் தவறுகளில் பெரும்பங்கு மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதைப் பிடிக்கிற ஆளை வாயைத் திறக்க விடாவிட்டால் ட்யூப் ஏற்றி இறக்கும் கூலியாகத்தான் அவர் இருப்பார். அந்தக் கூலி வேலைக்கு, அடுத்த தெருவில் ஐந்நூறு ரூபாய் கூடத் தந்தால் போய்விடுவார். போகாமல் என்ன செய்வார்?

இரவில் ஒருவரைத் தனியாகப் போடுவதை நிறுத்தினோம். சேர்ந்ததும் ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸும் எங்கள் செலவில் போடுகிறோம். பிரசவத்துக்கு 26 வார விடுப்பு சட்டம் கொடுத்தது, நான் தருகிற சலுகை இல்லை. திரும்பி வரும்போது அதே பெஞ்ச், அதே மெஷின் காத்திருக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இவையெல்லாம் செலவுக் கணக்குதான், முதலாளி மனது வைத்தால் ஒரே நாளில் செய்துவிடலாம்.

நிராகரித்த சாம்பிள்களுக்கு ஒரு நோட்டுப் போட்டோமே, அதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் மாதம் பக்கம் காலியாகக் கிடந்தது. யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு நிராகரிப்புக்கும் டாக்டரிடம் நானே ஃபோனில் பேசுவேன் என்று சொன்ன பிறகு மெல்ல எழுத ஆரம்பித்தார்கள். போன வாரம், சேர்ந்து பத்தே நாளான பெண் எழுதியிருந்தாள்: 'பி.டி. டியூப், கோடு வரைக்கும் ரத்தம் இல்லை. திருப்பி அனுப்பினேன்.' பி.டி. என்பது ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் டெஸ்ட். அதற்கான நீல டியூப்பில் ரத்தம் குறைந்தால் அந்த நேரம் தப்பாக நீண்டு காட்டும், அவள் செய்தது சரி. பத்து நிமிடத்தில் டாக்டரின் ஃபோன் வந்தது, கோபமாக. அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சென்ட்ரிஃப்யூஜைத் துடைப்பதுபோல நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா டாக்டர், எங்க டெக்னீஷியன் சொன்னா சரியாத்தான் இருக்கும். மறு சாம்பிள் அனுப்பிடுங்க" என்றேன்.